ஊரில் ஒரு கட்சிக் கிளை: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பதினாறு வருடம் ஒரு கிராமத்தில் கிளைச் செயலாளராக இருந்தேன். இப்போது சுற்றுப்பட்ட ஒன்றியங்களில் புதிதாகக் கிளை தொடங்குபவர்களோடு உட்கார்ந்து பேசுகிறேன். தமிழ்நாட்டுக் கிராமம் எதற்குப் போனாலும் இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். நான் எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை. கொடி எதுவானாலும் ஊர் வேலை ஒன்றுதான்.

கிளைன்னா என்னங்க? எத்தனை பேர் சேர்ந்தா கிளை?

பெரும்பாலான கட்சிகளில் ஊரில் கிளை, அதற்கு மேல் ஒன்றியம், அதற்கும் மேல் மாவட்டம், அப்புறம் மாநிலத் தலைமை. எத்தனை உறுப்பினர் இருந்தால் கிளை என்பது உங்கள் கட்சியின் சட்டதிட்டப் புத்தகத்தில் இருக்கும். ஒன்றிய அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதைக் கண்ணால்கூடப் பார்க்காத கிளைச் செயலாளர்கள் நிறையப் பேரைச் சந்தித்திருக்கிறேன்.

கிளை வேறு, பூத் கமிட்டி வேறு. கிளை ஊரை வைத்து அமைவது. பூத் கமிட்டி வாக்குச்சாவடியின் எல்லையை வைத்து அமைவது. ஒரே பூத்துக்குள் இரண்டு குக்கிராமங்களும் இரண்டு கிளைகளும் வரலாம். யார் எந்தத் தெருவைப் பார்ப்பது என்று முன்கூட்டியே பேசி எழுதிவைக்காவிட்டால், தேர்தல் நேரத்தில் ‘அவர் பார்ப்பார்’ என்று இருவரும் இருந்துவிடுவார்கள்.

நாங்க அஞ்சு பேர்தான் இருக்கோம். எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

ஐந்து பேர் போதும். அந்த ஐந்து பேரும் ஒரே தெருவா, ஒரே பங்காளி வகையறாவா என்று மட்டும் பாருங்கள். அப்படியென்றால் ஊர் அதைக் கட்சி என்று நினைக்காது, ‘அந்த வீட்டு ஆளுங்க’ என்றுதான் சொல்லும். ஒரு நோட்டில் ஊரின் தெருக்களை எல்லாம் எழுதி, ஒவ்வொரு தெருவிலும் நீங்கள் உரிமையோடு போய்த் திண்ணையில் உட்காரக்கூடிய ஒருவரின் பெயரை எதிரே எழுதுங்கள். பெயர் எழுத முடியாத தெருதான் உங்கள் முதல் வேலை.

பழைய ஆட்கள் எப்படித் தொடங்கினார்கள் என்று பாருங்கள். கீழத்தஞ்சையில் 1940-களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் பண்ணையாட்களிடையே விவசாயச் சங்கம் கட்டியபோது, பண்ணையார்கள் தண்டனையாகக் கொடுத்த சவுக்கடியும், குடிக்க வைத்த சாணிப்பாலும் நிற்க வேண்டும் என்றுதான் பேசினார்கள். 1949-இல் தி.மு.க. பிறந்த பிறகு ஊர் ஊராகப் படிப்பகங்கள் வந்தன. டீக்கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். இரண்டு இடத்திலும் ஜனங்கள் ஏற்கெனவே கூடும் இடத்துக்கும், அவர்கள் ஏற்கெனவே படும் பாட்டுக்கும் கட்சிக்காரர்தான் நடந்து போனார். நமக்கும் அதே வழிதான்.

முதல்ல கொடிக்கம்பம் நட்டுடலாமா? அப்பத்தானே கட்சி இருக்குன்னு தெரியும்?

வேண்டாம். பொது இடங்களில் நிற்கும் கட்சிக் கொடிக்கம்பங்களை அகற்றச் சொல்லி 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அப்புறமும் வழக்குகள் நடந்தன. அதனால் ஒன்றியத்தைக் கேட்காமல் குழி தோண்டாதீர்கள். சட்டத்தை விடுங்கள், ஊர் அமைதிக்கே அது நல்லதில்லை. எந்தத் தெரு முனையில் யார் கொடி என்ற சண்டையில் வெட்டுக்குத்துவரை போன ஊர்கள் உண்டு. ஆறு மாதம் வேலை செய்தால் கம்பம் இல்லாமலே ஊருக்கு நீங்கள் யாரென்று தெரிந்துவிடும்.

தேர்தல் இல்லாத நாள்ல கிளைக்கு என்னதான் வேலை?

உண்மையான வேலை அப்போதுதான். முதியோர் உதவித்தொகை வராத பாட்டி, பட்டா மாறுதலுக்கு அலைபவர், சாதிச் சான்றிதழ் கிடைக்காத பிள்ளை, தண்ணீர் வராத மேட்டுத்தெரு என்று ஊரில் மனுவுக்குப் பஞ்சமே இல்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டம், வருடத்துக்கு ஒருமுறை வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜமாபந்தி, நகராத மனுவுக்குப் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டம் என்று வழிகள் இருக்கின்றன. மனுவின் நகலும் ரசீதும் ஒரு கோப்பில் இருக்கட்டும். தேதி, பெயர், என்ன ஆயிற்று என்று ஒரு நோட்டு போடுங்கள். முடியாததை ‘முடியாது’ என்று போய்ச் சொல்லுங்கள். காரியம் நடக்காததைக்கூட ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். வாங்கிப்போன மனு என்ன ஆனதென்று யாரும் திரும்பி வந்து சொல்லாததை மறக்க மாட்டார்கள்.

இரண்டாவது வேலை, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருக்கும் யாரும் அதில் உறுப்பினர்தான். 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் கூட்டம் செல்லுபடியாக 100 பேராவது வர வேண்டும்; அதுதான் குறைவெண்வரம்பு. கட்சித் துண்டோடு போக வேண்டாம். வரவு செலவைப் படிக்கச் சொல்லுங்கள், உங்கள் கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். வெற்றுத் தீர்மானப் புத்தகத்தில் முதலில் கையெழுத்து வாங்கும் ஊர்கள் இன்னும் உண்டு. அங்கே எழுந்து ‘முதலில் எழுதுங்கள், அப்புறம் கையெழுத்து’ என்று நிதானமாகச் சொல்ல ஒரே ஒருவர் இருந்தால் போதும்.

ஓட்டர் லிஸ்ட்டைத் தேர்தலப்போ பாத்தா போதாதா?

போதாது. என்னைக் கேட்டால் கிளையின் முதல் சொத்தே அந்தப் பட்டியல்தான். உங்கள் பாகத்தின், அதாவது உங்கள் வாக்குச்சாவடிக்கு உரிய பகுதியின், பட்டியலை அச்செடுத்து, தெருத் தெருவாக உட்கார்ந்து சத்தமாகப் படியுங்கள். இறந்தவர், கட்டிக்கொடுத்துப் போன பெண், கட்டிவந்த மருமகள், இரண்டு இடத்தில் இருக்கும் பெயர் எல்லாம் அந்தத் திண்ணையிலேயே தெரிந்துவிடும். புதிதாகச் சேர 6-ஆம் படிவம், நீக்கவோ ஆட்சேபிக்கவோ 7, முகவரி மாற்றம், திருத்தம், புது அட்டை ஆகியவற்றுக்கு 8. பதினெட்டு வயதைக் கணக்கிட முன்பு ஜனவரி 1 மட்டும்தான் இருந்தது. 2022 முதல் ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகியவையும் சேர்ந்தன. பதினேழு முடிந்தவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஆகவே பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பிறந்த தேதி கிளையின் நோட்டில் இருக்க வேண்டும்.

வெளியூர் போனவர்களைத் தனிப்பக்கத்தில் எழுதுங்கள். 2025 நவம்பர் 4-ஆம் தேதி தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கி வீடு வீடாகப் படிவம் கொடுத்தபோது, திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போன குடும்பங்களின் வீடுகள் பூட்டிக் கிடந்தன. அவர்களின் கைபேசி எண்ணை வைத்திருந்த கிளை கூப்பிட்டுச் சொன்னது. வைத்திராத கிளை கையைப் பிசைந்துகொண்டு நின்றது. அந்த எண்களைக் கண்ட வாட்ஸ்அப் குழுவிலெல்லாம் போடாதீர்கள். நம்பிக் கொடுத்தவர்கள் அவர்கள்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடுவார்கள் என்று நினைத்து உயிரோடு ஊரில் இருப்பவர்மேல் 7-ஆம் படிவம் கொடுப்பது பாவம், குற்றமும்கூட. பொய் உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. உங்களுக்கு ஓட்டுப் போடாதவரின் பெயர் விடுபட்டிருந்தாலும் போய்ச் சொல்லுங்கள். ஊர் அதைப் பார்க்கும்.

பிஎல்ஓ, பிஎல்ஏ, பூத் ஏஜென்ட்… மூணும் ஒண்ணுதானா?

இல்லை. பிஎல்ஓ அரசு நியமிக்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலர்; பெரும்பாலும் ஆசிரியர் அல்லது அங்கன்வாடிப் பணியாளர். பிஎல்ஏ அங்கீகாரம் பெற்ற கட்சி நியமிக்கும் முகவர். பட்டியல் வேலையில் கட்சியின் கண். அவர் மொத்தமாகப் படிவம் கொடுக்கலாம், ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை என்று வரம்பு உண்டு. வழக்கமான காலத்தில் பத்து. பூத் ஏஜென்ட்டை வேட்பாளரோ அவருடைய தேர்தல் முகவரோ 10-ஆம் படிவத்தில் நியமிக்கிறார். அவர் வேலை வாக்குப்பதிவு நாளோடு சரி.

பிஎல்ஓவிடம் சண்டைக்காரரைப் போலப் போகாதீர்கள். அந்த அம்மாவுக்குச் சொந்த வேலை முழுதாக இருக்க, இது கூடுதல் சுமை. தெருவைத் தெரிந்த ஒருவர் கூட நடந்தால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

எங்க கூட்டத்துக்குக் காலனிக்காரங்க யாரும் வர மாட்டேங்கிறாங்க. கூப்பிட்டாச்சு. என்ன பண்றது?

இந்தக் கேள்வியில்தான் நான் அதிக நேரம் உட்காருவேன். முதலில் அந்தச் சொல். ‘காலனி’ என்பது வசைச்சொல்லாக மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். தெருவின் பெயரைச் சொல்லுங்கள். அப்புறம் கூட்டம் எங்கே நடக்கிறது என்று பாருங்கள். கோயில் திண்ணையிலா? மெயின் ரோட்டில் ஒரு குறிப்பிட்ட சாதிக்காரர் வீட்டு வாசலிலா? அங்கே வந்தால் எங்கே உட்காருவது, நாற்காலியிலா, தரையிலா, டம்ளர் எது என்ற யோசனை அவர்களுக்கு வரும். நமக்கு அது வராததுதான் கோளாறு.

எங்கள் கிளையிலும் இதே நடந்தது. இரண்டு வருடம் பிள்ளையார் கோயில் திண்ணையில் கூடிக்கொண்டு, ‘அவர்களுக்கு அக்கறை இல்லை’ என்று நானே பேசியிருக்கிறேன். ஒரு நாள் அந்தத் தெருவின் வயதான ஒருவர், ‘தம்பி, அந்தத் திண்ணையில என் அப்பன் உட்கார்ந்ததில்ல, நானும் உட்கார்ந்ததில்ல’ என்றார். அடுத்த கூட்டத்தை அவர்கள் தெருவில், அவர்கள் சொன்ன நேரத்தில், வேப்பமரத்தடியில் போட்டோம். ஊருக்குள்ளிருந்து முதலில் வந்தது நான்கு பேர். அந்த நான்கு பேரை வைத்துத்தான் கிளை மறுபடி பிறந்தது. ஒன்றுவிட்டு ஒன்று அங்கே என்று பழக்கமாகச் சில வருடம் ஆனது. இடையில் எங்களை விட்டுப் போனவர்களும் உண்டு. அவர்களை இழந்ததில் எனக்கு வருத்தம் உண்டு, அந்த முடிவில் வருத்தமே இல்லை.

பதவியும் கொடுக்க வேண்டும். துணைச் செயலாளர் என்ற பெயரோடு நிறுத்தாமல், பணம் வைக்கும் பொருளாளர், பேசும் செயலாளர் பொறுப்புகள். மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதற்காக 1996-லிருந்து பத்து வருடம் தேர்தலே ஒழுங்காக நடக்க முடியவில்லை; 2006-இல்தான் நடந்தது. அதே மாவட்டத்து மேலவளவில் 1997-இல் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இது அதிகம் வயதாகாத வரலாறு. ஊரில் கட்சிக் கிளை எந்தப் பக்கம் நின்றது என்று அந்தத் தெருக்கள் நினைவில் வைத்திருக்கின்றன.

மகளிர் அணின்னு நாலு பேர் பேரை எழுதிக்கிட்டா போதுமா?

கணவர் வந்து கையெழுத்துப் போடும் மகளிர் அணி வேண்டாம். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் 2016-இல் வந்த திருத்தம் பெண்களுக்குப் பாதி இடத்தை ஒதுக்கியது. நாளைக்கு நிறுத்த ஆள் தேடும்போது இன்றைக்கே பேசிப் பழகியவர் இருக்க வேண்டும். சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதும் பெண்ணுக்கு ஊரில் யார் வீட்டில் என்ன கஷ்டம் என்பது நம்மைவிட நன்றாகத் தெரியும். அவரிடம் மனு நோட்டைக் கொடுத்துப் பாருங்கள். கூட்டத்தை ராத்திரி எட்டு மணிக்கு வைத்துவிட்டுப் பெண்கள் வரவில்லை என்று சொல்லாதீர்கள்.

அரசாங்க வேலையில இருக்கிற அண்ணன் உறுப்பினர் ஆகலாமா?

கூடாது. அரசு ஊழியர் நடத்தை விதிகள் கட்சியில் சேர்வதையும் தேர்தல் வேலை பார்ப்பதையும் தடுக்கின்றன. அவர் ஆர்வமாக வந்தாலும் நீங்கள்தான் தடுக்க வேண்டும். வேலை போனால் அந்தக் குடும்பத்துக்கு நம்மால் பதில் சொல்ல முடியாது.

எதிர்க்கட்சிப் பூத் ஏஜென்ட் எனக்கு மாமன் மகன். எப்படி எதுத்து வேலை செய்ய?

எங்கள் பக்கம் இது சாதாரணம். காதுகுத்துக்குப் போங்கள், மொய் எழுதுங்கள், துக்கத்துக்கு முதலில் போய் நில்லுங்கள். கட்சிப் பேச்சைப் பந்தியில் எடுக்காதீர்கள். இந்த உறவால் நன்மையும் உண்டு: பூத்தில் தகராறு கிளம்பும்போது ‘டேய் மாப்ள, விடுடா’ என்று தோளில் கைபோட முடிவது கலவரத்தைத் தடுக்கும். கிளையின் பட்டியலையும் கணக்கையும் மட்டும் வீட்டில் விரித்துப் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

செலவுக்குக் காசு?

சந்தா. மாதம் பத்து ரூபாயாக இருந்தாலும் எல்லோரும் கொடுக்கட்டும். ஒரே பணக்காரர் முழுச் செலவையும் ஏற்றால் கிளை அவருடையதாகிவிடும். வரவு செலவை மாதக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள்.

அவங்க ஓட்டுக்குப் பணம் குடுக்கிறாங்க. நாம குடுக்கலைன்னா தோத்துட மாட்டோமா?

தோற்கலாம். அதை மறைக்க மாட்டேன். 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு இது ஊரெல்லாம் பேச்சானது. பணப்பட்டுவாடாவைக் காரணம் காட்டி 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-இல் ஆர்.கே. நகர், 2019-இல் வேலூர் தேர்தல்களை ஆணையமே நிறுத்தியது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். பணமாகக் கொடுத்தால் ஓராண்டு வரை சிறை. தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் படமோ வீடியோவோ எடுத்து அங்கிருந்தே புகார் செய்யலாம்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. கவர் ஒரு முறை வந்துவிட்டால் கிளை கலைந்துவிடும். எங்கள் ஊரில் ஒரு தேர்தலில் மேலிருந்து பணம் வந்தது. ‘உனக்கு எவ்வளவு வந்தது, என் தெருவுக்கு எவ்வளவு கொடுத்தாய்’ என்று ஆரம்பித்த பேச்சில், பத்து வருடம் ஒன்றாக மனு எழுதிய இரண்டு பேர் நாலு வருடம் முகம் பார்க்கவில்லை. அதற்கடுத்த தடவை மேலே எழுதியே கொடுத்தோம்: எங்கள் பாகத்துக்கு வேண்டாம். வாங்குபவர்களைத் திட்டாதீர்கள். அது அவர்களுக்கு ஒரு வாரக் கூலி. ‘யார் கொடுத்தாலும் உங்கள் ஓட்டு ரகசியம், உங்கள் இஷ்டம்’ என்று மட்டும் சொல்லுங்கள். மனு நோட்டு நிரம்பியிருக்கும் கிளை சொன்னால் அந்தப் பேச்சுக்கு எடை இருக்கும்.

ஊராட்சித் தலைவர் தேர்தல்ல கட்சி நிக்கலாமா, கூடாதா?

தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் கட்சிச் சின்னம் இல்லாமல் நிற்கிறார்கள். ஒன்றியக் கவுன்சிலரும் மாவட்டக் கவுன்சிலரும்தான் கட்சிச் சின்னத்தில். ஒரே வாக்காளர் நான்கு சீட்டுப் போடுகிறார். தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். இதைக் குழப்பாமல் சொல்லிக்கொடுப்பதே பெரிய பிரசாரம்.

சிக்கல் என்னவென்றால் உங்கள் கிளையிலேயே இருவர் தலைவர் பதவிக்கு நிற்பார்கள். என் யோசனை: மனுத்தாக்கலுக்கு முன் உட்கார்ந்து பேசுங்கள், ஒத்துவராவிட்டால் கிளை யாருக்கும் வேலை செய்யாது என்று தீர்மானம் எழுதுங்கள். ஒன்றியத்தின் ஆள் வந்து ஒருவருக்காக அழுத்தினாலும் அந்தத் தீர்மானத்தைக் காட்டலாம். பதவியை ஏலம் விட்டுப் போட்டியின்றி முடிக்கலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் கூப்பிட்டால் போகாதீர்கள். அந்தப் பணத்தில் கோயில் கட்டினாலும், ஓட்டுப் போடும் உரிமையை விற்றதுதான். முன்பு தெருக்களைப் பற்றிச் சொன்னது இங்கேயும் பொருந்தும்: அந்த ஏலத்தில் யார் குரல் இருக்காது என்று யோசியுங்கள்.

பூத்துக்குள்ள உட்காரப் போறவருக்கு என்ன சொல்லி அனுப்பணும்?

சாப்பாடு, தண்ணீர், பேனா, பட்டியல் நகல். வாக்குப்பதிவு ஏழு மணிக்கு என்றால் ஐந்தரைக்கே மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது ஐம்பது வாக்குகள் போட்டுச் சரிபார்த்து அழிப்பதை அவர் பார்க்க வேண்டும். இயந்திரத்தின் எண்ணையும் முத்திரைகளின் எண்ணையும் எழுதிக்கொள்ளட்டும். ஒருவரைப் பற்றிச் சந்தேகம் என்றால் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். தன் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டதாக ஒருவர் வந்து நின்றால், தலைமை அலுவலரின் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்ன பிறகு, அவருக்கு வாக்குச்சீட்டில் போடும் டெண்டர் ஓட்டு உண்டு. அதைக் கேட்டு வாங்கித்தர வேண்டும். வெளியே நூறு மீட்டருக்குள் ஓட்டுக் கேட்பது குற்றம்.

சாயந்திரம் மூடும்போது 17சி படிவத்தின் நகலை வாங்காமல் எழுந்து வரக் கூடாது. மொத்தம் பதிவான வாக்கு அதில்தான் இருக்கிறது. எண்ணும் நாளில் உங்கள் முகவர் கையில் அந்தத் தாள் இல்லையென்றால் எதையும் ஒப்பிட முடியாது. சோர்வில், பஸ் பிடிக்கும் அவசரத்தில், இதை விட்டுவிட்டு வந்தவர்கள் நிறைய.

தோத்துட்டோம். ஆளுங்க வர மாட்டேங்கிறாங்க. கிளையை எப்படித் திரும்பக் கூட்டுறது?

ஒரு வாரம் விடுங்கள். யார் துரோகம் செய்தது என்ற பேச்சுதான் அந்த வாரம் முழுக்க நடக்கும்; அதற்குக் கூட்டம் போட்டுக் கொடுக்காதீர்கள். அப்புறம் 20-ஆம் படிவத்தை எடுங்கள். வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை என்று அதில் இருக்கும். போன தேர்தலின் எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொகுதியில் தோற்றாலும் உங்கள் பாகத்தில் ஏறியிருக்கலாம். அல்லது நீங்கள் நம்பிய தெரு கைவிட்டிருக்கலாம்.

அடுத்த கூட்டத்துக்கு எல்லோரையும் கூப்பிட வேண்டாம். மனு நோட்டில் முடியாமல் நிற்கும் பெயர்களைப் பாருங்கள். பிரசாரத்தில் ‘ஜெயித்தால் செய்கிறோம்’ என்று யாருக்காவது சொல்லியிருந்தால் அந்த வீட்டுக்கு முதலில் போங்கள். எங்கள் ஊரில் தோற்ற பத்தாம் நாள், ஒரு அம்மாவின் விதவை உதவித்தொகை மனுவை எடுத்துக்கொண்டு மூன்று பேர் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனோம். அடுத்த கூட்டத்துக்கு அந்த அம்மா தன் தெருவிலிருந்து ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.